குடவோலையும் கணிப்பொறியும்: சமமில்லா வாய்ப்பைக் குறித்து ஓர் ஆய்வு

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் புள்ளியியல் குறித்த கட்டுரைக்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். அவ்வினாவிற்குரிய விடை ஒரு கலைச்சொல்லில் அடங்கியுள்ளது. ஆங்கிலத்தில் 'ரேண்டம்' என வழங்கும் சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'சமவாய்ப்பு' எனப் பெயர்த்துள்ளன. சமவாய்ப்பு மாறி, சமவாய்ப்புச் சோதனை, சமவாய்ப்பு எண் என்பன மேனிலை வகுப்பு மாணவர் நாள்தோறும் கேட்கும் சொற்கள். நாணயத்தைச் சுண்டுகிறோம், பூவும் தலையும் விழுவதற்குச் சமமான வாய்ப்பு உண்டு. பகடையை உருட்டுகிறோம், ஆறு முகங்களுக்கும் சமமான வாய்ப்பு உண்டு. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே இச்சொல் படைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆயின் மூலச்சொல்லில் 'சமம்' என்னும் பொருள் எள்ளளவும் இல்லை. இன்னது நிகழும் என முன்னறிய இயலாமை ஒன்றே அதன் பொருள். ஐப்பசி மாதத்தில் செங்கற்பட்டில் நாளை மழை பெய்யுமா பெய்யாதா என்பது முன்னறிய இயலாததுதான். அதனால் இரண்டிற்கும் சமவாய்ப்பு என எவரும் கூறார். எனவே வாய்ப்புகள் சமமாக இல்லாத நிகழ்ச்சியைச் சொல்லவரும் தமிழ் மாணவன் 'சமமற்ற சமவாய்ப்பு' என எழுத நேர்கிறது. 'இனிக்காத இனிப்பு' என்பது போன்றது இது. இலங்கைத் தமிழ்ப் பாடநூலார் இவ்விடத்தில் 'எழுமாறு' என்னும் சொல்லை ஆள்கின்றனர். எழுந்தவாறு அமைவது என்னும் பொருள் அதில் தொனிக்கிறது. சமம் என்னும் பொருள் அதில் புகவில்லை. இக்கட்டுரையில் நாமும் 'எழுமாறு' என்பதையே மேற்கொள்கிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சீட்டுக் குலுக்கினாலே அனைவருக்கும் சமமான வாய்ப்பு அளித்தாயிற்று, ஆகவே நீதி செய்தாயிற்று என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. உதவித்தொகைக்கு மாணவரைத் தேர்வதாயினும், மனைகளைப் பங்கிடுவதாயினும், பேரிடருக்குப் பின் எந்த ஊரைச் சென்று பார்ப்பது என முடிவு செய்வதாயினும், குலுக்கல் என்ற ஒன்று நடந்துவிட்டால் பின்னர் எவரும் வினா எழுப்புவதில்லை. குலுக்கல் சமமாக நடந்தும் மாந்தர்க்குக் கிடைக்கும் வாய்ப்பு சமமாக இல்லாமற்போகலாம். குலுக்கலைத் தெரிந்தே சமமில்லாமல் அமைத்து மாந்தர்க்குச் சமவாய்ப்பை ஈட்டித் தரவும் கூடும். இவ்விரண்டையும் கணிப்பொறியின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உத்திரமேரூர்க் குடம்

குலுக்கல் பற்றிப் பேசுங்கால் நம் மண்ணின் சான்றையே முதலில் நோக்குதல் தகும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்ததும், இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளதுமான உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரித்துரைக்கின்றன. குடத்தில் ஓலையிடும் வழக்கம் அதற்கும் முற்பட்டது. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், களத்தில் வீழ்ந்த வீரரின் குடரைப் பருந்தினம் இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் கட்டிய குடத்தின் இலச்சினையை நீக்கி ஓலைகளை எடுக்கும் ஆவண மாக்களை உவமை கூறியுள்ளார். கொடிய காட்சிக்கு ஆட்சிமுறை சார்ந்த உவமை! அவ்வழக்கம் அக்காலத்தார்க்கு எத்துணைப் பழகியதாக இருந்தது என்பதை இது புலப்படுத்துகிறது.

உத்திரமேரூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டத்தைப் போன்றது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவர், முப்பத்தைந்து வயதிற்கு மேற்பட்டு எழுபது வயதிற்கு உட்பட்டவர், வேதக் கல்வி உடையவர், முந்தைய மூன்றாண்டுகளில் வாரியப் பணி ஆற்றாதவர் ஆகியோரின் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். இஃது அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலத்தின் ஏற்பாடு. ஊரில் உழுதோரும் நெய்தோரும் பெண்டிரும் இக்குடத்தினுள் இல்லை. குடவோலையை இன்றைய மக்களாட்சித் தேர்தலுக்கு நிகராக மேடைகளில் புகழ்வோர் இதனையும் சேர்த்துச் சொல்லுதல் நலம்.

நம் ஆய்விற்கு வேண்டுவது குலுக்கிய முறை. குடும்பு தோறும் பெயரோலைகளைத் தனித்தனிக் கட்டாகக் கட்டி, முப்பது கட்டுகளையும் குடத்தில் இட்டனர். உள்ளிருப்பது இன்னதென அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, அதன் ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். மத்தியஸ்தன் அவ்வோலையை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலேயே ஏற்றல் வேண்டும். மறைத்து வைத்த வேறோர் ஓலையை மாற்றிவிடக் கூடாது என்பதற்கே இவ்விதி. பின்னர் அவ்வோலை அனைவரும் கேட்க வாசிக்கப்பட்டது. இவ்வாறு முப்பது குடும்புகளிலிருந்தும் முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் பிரிக்கப்பட்டனர்.

கையாடலைத் தடுக்க இதனினும் நுட்பமான முறையை எண்ணிப் பார்ப்பது அரிது. எனினும் இதில் வாய்ப்பு சமமாக இருந்ததா? ஒரு குடும்பில் தகுதியுடையோர் நால்வர், மற்றொரு குடும்பில் இருபதின்மர் எனக் கொள்வோம். முதற்குடும்பின் ஒவ்வொருவர்க்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டாம் குடும்பினர்க்கு இருபதில் ஒரு வாய்ப்பு. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் ஒரே தொகையினராய் இருந்திருப்பர் என எதிர்பார்க்க இயலாது. ஆக, சிறுவனின் கை எல்லா ஓலைகளையும் ஒன்றுபோலவே தொட்டது. ஆயினும் ஓலைக்குரியோரின் வாய்ப்பு ஒன்றுபோல் அமையவில்லை. சமமின்மை குலுக்கலில் இல்லை, குடத்தைப் பிரித்த பிரிவினையில் உள்ளது. மூன்றாண்டு விதியையும் இவ்வாறே நோக்கலாம். பணியாற்றி முடித்தவரின் வாய்ப்புக்குச் சுழி என்னும் எடையை அவ்வூரார் அளித்தனர் என்பதே அதன் கணிதப் பொருள். ஊரார் செய்தது பிழை எனக் கூறுவது நம் கருத்தன்று. ஒவ்வொரு குடும்பிற்கும் ஓர் உறுப்பினர் வேண்டும் என்பது அவர்தம் குறிக்கோள். அக்குறிக்கோளுக்குத் தனிமனிதரின் வாய்ப்பில் ஒரு விலை கொடுத்தனர்.

தாயக்கட்டையின் கணக்கு

சமமில்லா வாய்ப்பைக் கணிப்பொறியில் எவ்வாறு நிகழ்த்திக் காட்டுவது என்பதற்கு, வீட்டுத் திண்ணைகளில் நம் தாய்மார் ஆடிய தாயமே சிறந்த பாடம். தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு நீள்முகங்கள், ஒரு முகத்தில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, எஞ்சியது வெறுமுகம். ஒவ்வொரு முகமும் விழுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் சேர்த்து உருட்டினால் பதினாறு சேர்க்கைகள். இரண்டும் வெறுமுகமாயின் பன்னிரண்டு எனக் கொள்வது மரபு.

பதினாறையும் எண்ணிப் பார்ப்போம். தாயம் என்னும் ஒன்று விழ, ஒரு கட்டை வெறுமையாகவும் மற்றது ஒன்றாகவும் இருத்தல் வேண்டும், இதற்கு இருவழி. இரண்டு விழ மூன்று வழி, மூன்று விழ நான்கு வழி, நான்கு விழ மூன்று வழி, ஐந்து விழ இருவழி, ஆறுக்கு ஒருவழி, பன்னிரண்டுக்கு ஒருவழி. கூட்டினால் பதினாறு. கட்டையின் முகங்கள் சமமானவை. அவற்றினின்று பிறக்கும் மதிப்புகளோ சமமானவை அல்ல. பல ஊர்களில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்கிற்கும் மறுவீச்சு உண்டு. இந்நான்கும் சேர்ந்து பதினாறில் ஆறு வழிகளே. எஞ்சிய மூன்று மதிப்புகளும் பத்து வழிகளில் விழுவன. அரிதாக விழுவதற்கே பரிசு என்னும் கணக்கை நிகழ்தகவு நூல் பயிலாத நம் பாட்டியர் அறிந்திருந்தனர் போலும்!

இக்கணக்கைக் கணிப்பொறிக்கு உரைப்பதற்கு 'ஆர்' என்னும் புள்ளியியல் மொழி உதவும். நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, இராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் 1990களில் உருவாக்கிய மொழி இது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றிய 'எஸ்' என்னும் மொழியின் வழித்தோன்றல். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இதன் முதற்பதிப்பு எனத்தக்க 1.0.0 வெளியாயிற்று. எவரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளலாம் என்பது நம் போன்ற கல்லூரிகளுக்குப் பெரும்பேறு. இம்மொழியில் எழுமாறாகத் தேர்ந்தெடுக்கும் ஆணையின் பெயர் 'சாம்பிள்'. தமிழெழுத்தில் எழுதிக் காட்டின் அது பின்வருமாறு அமையும். கணிப்பொறியில் ஆங்கில எழுத்தால் இடுதல் வேண்டும்.

சாம்பிள் (மதிப்புகள், 1600, ரிப்ளேஸ் = ட்ரூ, ப்ராப் = எடைகள்)

மதிப்புகள் என்ற இடத்தில் 1, 2, 3, 4, 5, 6, 12 என்பவற்றையும், எடைகள் என்ற இடத்தில் முறையே 2, 3, 4, 3, 2, 1, 1 என்பவற்றையும் தருகிறோம். 1600 என்பது எத்தனை முறை உருட்டுவது என்னும் தொகை. 'ரிப்ளேஸ்' என்பது எடுத்த ஓலையை மீண்டும் குடத்தில் இடுவதைக் குறிக்கும். எடைகளின் கூட்டுத்தொகை ஒன்றாக இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. விகிதம் சரியாக இருப்பின், கணிப்பொறியே வகுத்துக்கொள்ளும்.

உள்ளே நடப்பது என்ன? பதினாறு முழக் கயிறு ஒன்றைக் கற்பனை செய்க. மிகுதியான எடையுடையதை முதலில் வைத்து அக்கயிற்றைப் பங்கிடுக. முதல் நான்கு முழம் மூன்று என்னும் மதிப்பிற்கு. அடுத்த மூன்று முழம் இரண்டுக்கு. அதற்கடுத்த மூன்று முழம் நான்குக்கு. பின்னர் இரு முழம் தாயத்திற்கு, இரு முழம் ஐந்துக்கு, ஒரு முழம் ஆறுக்கு, ஒரு முழம் பன்னிரண்டுக்கு. கணிப்பொறி சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை எழுமாறாகத் தோற்றுவிக்கும். அவ்வெண் 0.70 எனின், 16ஆல் பெருக்க 11.2. பத்தாம் முழத்திற்கும் பன்னிரண்டாம் முழத்திற்கும் இடையே அது விழுகிறது, விடை தாயம். அவ்வெண் 0.20 எனின் 3.2, விடை மூன்று. பெரும்பங்கை முதலில் வைப்பதன் காரணம் எளிது. பெரும்பாலான முறை தேடல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். சந்தையில் மிகுதியாக விற்கும் பொருளைக் கடைக்காரர் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதை இதற்கு ஒப்புமை கூறலாம்.

1600 முறை உருட்டினால் தாயம் 200 முறை விழும் என்பது எதிர்பார்ப்பு. சரியாக 200 வந்தே தீரும் என மாணவர் எண்ணிவிடலாகாது. இருபது தடவை இவ்வாணையை இட்டால், ஏறத்தாழப் பத்தொன்பது தடவை 174க்கும் 226க்கும் இடையே வரும். ஒருமுறை 188 வந்ததைக் கண்டு 'எந்திரம் பொய் சொல்கிறது' என முடிவு கட்டுவோர்க்கு இவ்விடை போதுமானது.

தாயக்கட்டையின் எடைகளைச் சிந்தித்தே அறிந்தோம். சோழி அவ்வாறன்று. மாமல்லபுரக் கடற்கரைக் கடைகளில் கிடைக்கும் சோழி ஒன்றை எடுத்து வீசினால், அது வாய் மேலாக விழுமா முதுகு மேலாக விழுமா என்பது அதன் வடிவையும் கனத்தையும் பொறுத்தது. பாதிக்குப்பாதி எனக் கொள்ள எவ்வித ஆதாரமும் இல்லை. ஆயிரம் முறை வீசி எண்ணிப் பார்த்தே அதன் எடையை அறிதல் கூடும். அவ்வாறு பெற்ற எண்ணும் தோராயமானதே. ஆணையில் 'எடைகள்' என்று எழுதுமிடத்தில் நாம் இடும் எண்கள் எங்கிருந்து வந்தன, சிந்தனையாலா, எண்ணிக்கையாலா, வெறும் ஊகத்தாலா என்று மாணவர் தம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும்.

நான்கு குப்பங்கள்

இனி, விளையாட்டை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. இத்தகைய பேரிடருக்குப் பின் வீடுதோறும் சென்று இழப்பைக் கணக்கெடுக்கும் காலமும் ஆளும் எப்போதும் வாய்ப்பதில்லை. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர் செங்கற்பட்டுச் சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்து கணக்கெடுத்தார். அதற்கு ஏழாண்டுகள் ஆயின. பசித்திருப்போர் ஏழாண்டு காத்திரார். எனவே சில ஊர்களையும் அவ்வூர்களில் சில வீடுகளையும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து அறிதலே வழி.

கோவளம், பட்டிபுலம், தேவனேரி, கொக்கிலமேடு ஆகிய நான்கு ஊர்களை வடக்கிலிருந்து தெற்காக எடுத்துக்கொள்வோம். இவற்றில் முறையே 400, 200, 150, 50 வீடுகள் உள்ளன எனக் கொள்வோம். இவை கணக்கை விளக்க நாம் வைத்துக்கொண்ட எண்களேயன்றி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் அல்ல. மொத்தம் 800 வீடுகள். ஓர் ஊரைத் தேர்ந்து, அவ்வூரில் பத்து வீடுகளைத் தேர்தல் வேண்டும்.

நான்கு ஊர்ப்பெயர்களையும் நான்கு சீட்டுகளில் எழுதிக் குலுக்குகிறோம் எனின், ஒவ்வோர் ஊருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பார்வைக்கு இதனினும் நேர்மையான முறை இல்லை. ஆனால் கொக்கிலமேட்டு வீடு ஒன்றின் வாய்ப்பைக் கணக்கிட்டால், நான்கில் ஒன்றை ஐம்பதில் பத்தால் பெருக்க, இருபதில் ஒன்று. கோவளத்து வீடு ஒன்றின் வாய்ப்போ, நான்கில் ஒன்றை நானூறில் பத்தால் பெருக்க, நூற்றறுபதில் ஒன்று. எட்டு மடங்கு வேறுபாடு! உத்திரமேரூர்க் குடும்புகளில் கண்ட அதே விளைவை இங்கும் காண்கிறோம்.

இப்போது குலுக்கலையே சமமில்லாமல் ஆக்குவோம். வீடுகளின் தொகைக்கேற்ப ஊர்களுக்கு 8, 4, 3, 1 என எடை தருவோம். கோவளம் தேர்வுறும் வாய்ப்பு பதினாறில் எட்டு. கொக்கிலமேட்டுக்குப் பதினாறில் ஒன்றே. ஊர்ப்பெரியவர் எவரேனும் இதனைக் கண்டு, 'சிற்றூர்க்கு அநீதி' எனச் சினக்கக்கூடும். ஆனால் வீட்டின் வாய்ப்பைப் பார்க்க. கொக்கிலமேட்டில், பதினாறில் ஒன்றை ஐம்பதில் பத்தால் பெருக்க, எண்பதில் ஒன்று. கோவளத்தில், இரண்டில் ஒன்றை நானூறில் பத்தால் பெருக்க, அங்கும் எண்பதில் ஒன்று. பட்டிபுலத்திலும் தேவனேரியிலும் அவ்வாறே. ஊர்களிடையே சமமின்மையைப் புகுத்தியதால் வீடுகளிடையே சமம் பிறந்தது. 'சமவாய்ப்பு' என்னும் ஒற்றைச் சொல் மறைத்து வைத்திருந்த வேறுபாடு இதுவே.

அளவிற்கேற்ற எடையோடு தேர்வு செய்யும் இம்முறையின் வளர்ச்சியில் இந்தியர்க்குச் சிறப்பிடம் உண்டு. கல்கத்தாவில் மகலநோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சார்ந்த டி.பி. லஹிரி, 1951இல் ஓர் எளிய வழியை வெளியிட்டார். தேசிய மாதிரி ஆய்வு 1950இல் தொடங்கிய காலம் அது. பல்லாயிரம் ஊர்களின் தொகையைக் கையால் அடுக்கடுக்காகக் கூட்டிக் கயிறு பங்கிடுவது பெரும் உழைப்பு. லஹிரியின் வழியில் கூட்டலே இல்லை. முதலில் ஊர்வரிசையில் ஓர் எண்ணைச் சமமாகக் குலுக்கி எடுக்க வேண்டும். பின்னர் ஒன்று முதல் மிகப்பெரிய ஊரின் தொகை வரை, நம் எடுத்துக்காட்டில் 400 வரை, மற்றோர் எண்ணைக் குலுக்கி எடுக்க வேண்டும். இரண்டாம் எண் அவ்வூரின் தொகைக்கு மேற்படாதிருந்தால் அவ்வூரை ஏற்கலாம். மேற்பட்டால் இரண்டையும் விலக்கி மீண்டும் தொடங்க வேண்டும். நான்காம் ஊரான கொக்கிலமேடும் 312 என்னும் எண்ணும் வந்தால், 312 ஐம்பதினும் மிகுதி, விலக்குக. அடுத்து முதலாம் ஊரான கோவளமும் அதே 312உம் வந்தால், நானூற்றுக்குள் அடங்குவதால் ஏற்க. நம் எண்களுக்கு இருமுறைக்கு ஒருமுறை வீதம் வெற்றி கிட்டும். இரண்டு சமக்குலுக்கல்களும் ஒரு விலக்கலும் சேர்ந்து, வேண்டிய சமமின்மையைப் பிறப்பிக்கின்றன!

இதனினும் விரைவான வழியை ஏ.ஜே. வாக்கர் 1970களில் கண்டார். அதனைக் குடவோலையாகவே விளக்கலாம். பதினாறு ஓலைகள்: கோவளத்திற்கு எட்டு, பட்டிபுலத்திற்கு நான்கு, தேவனேரிக்கு மூன்று, கொக்கிலமேட்டுக்கு ஒன்று. இவற்றை நான்கு குடங்களில் நந்நான்காக இடுக. ஒரு குடத்தில் இரண்டு ஊர்களுக்கு மேல் இருத்தலாகாது. முதற்குடத்தில் கொக்கிலமேட்டு ஓலை ஒன்றும் கோவளத்து ஓலை மூன்றும்; இரண்டாவதில் தேவனேரி மூன்றும் கோவளம் ஒன்றும்; மூன்றாவதில் பட்டிபுலம் நான்கும்; நான்காவதில் கோவளம் நான்கும். குடத்தைச் சமமாகக் குலுக்கி எடு. பின் அக்குடத்துள் ஓர் ஓலையை எடு. ஊர்கள் எத்தனை ஆயிரமாயினும் ஒரு குடத்தில் இரண்டு பெயர்களே இருக்குமாதலின் நீண்ட தேடல் தேவையில்லை. எடுத்த ஓலையை மீண்டும் இடும் தேர்வில், மதிப்புகள் 200க்கு மேற்படும்போது, ஆர் மொழி இவ்வழியையே மேற்கொள்கிறது.

நம் சமுதாயத்தார்க்கு அண்மையான வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஹஜ் பயண விண்ணப்பங்கள் ஒதுக்கீட்டினும் மிகும்போது இந்திய ஹஜ் குழு குர்ஆ எனப்படும் குலுக்கலை நடத்துகிறது. பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் சீட்டுப் போடுவது, மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றில் திருமறையும் குறிப்பிடும் பழமையான வழக்கம். ஒரே உறையில் விண்ணப்பிக்கும் குடும்பத்தார் அனைவரும் ஓர் அலகாகக் கொள்ளப்படுவர். நால்வர் உள்ள உறைக்கும் ஒருவர் உள்ள உறைக்கும் ஒரே வாய்ப்பா, இது முறையா எனச் சிலர் ஐயுறுவர். உறை வந்தால் உள்ளிருப்போர் அனைவரும் செல்வராதலின், உறைகளுக்குச் சமவாய்ப்பு என்பது ஆட்களுக்கும் சமவாய்ப்பே. குப்பத்துக் கணக்கில் ஊர் வந்தாலும் பத்து வீடுகளே தேர்வுறும்; அதனால்தான் அங்கு எடை தேவைப்பட்டது. இரண்டிற்கும் ஒரே விதியைப் பொருத்திப் பார்ப்பது பொருந்தாது.

ஓலையைத் திரும்ப இடாவிடில்

இதுவரை கூறியவற்றில் எடுத்த ஓலையை மீண்டும் குடத்தில் இட்டோம். நடைமுறையில் ஒரே ஊரை இருமுறை தேர்தல் வேண்டாம் என்று எண்ணி, இரண்டு வெவ்வேறு ஊர்களைத் தேரும்படி கணிப்பொறிக்கு ஆணையிடுவோர் பலர். 'ரிப்ளேஸ்' என்பதை 'ஃபால்ஸ்' என மாற்றினால் போதும். ஆணை பிழையின்றி ஓடும், விடையும் வரும். இடர் இருப்பதும் இங்கேதான்.

கோவளம் மொத்த வீடுகளில் பாதியை உடையது. இரண்டு ஊர்களைத் தேர்ந்தால், அளவிற்கேற்ற விகிதப்படி அது உறுதியாக இடம்பெறல் வேண்டும், வாய்ப்பு 1. கொக்கிலமேட்டுக்கு 0.125 இருத்தல் வேண்டும். ஆனால் ஆர் மொழி செய்வது வேறு. முதல் ஊரை எடைப்படி எடுக்கிறது. அதனை நீக்கி, எஞ்சிய மூன்றின் எடைகளைக் கொண்டு இரண்டாவதை எடுக்கிறது. இவ்வழியைக் கைக்கணக்காகச் செய்து பார்த்தால், கோவளம் இடம்பெறும் வாய்ப்பு 0.815 ஆகக் குறைகிறது, பட்டிபுலம் 0.5க்கு மாறாக 0.574; தேவனேரி 0.375க்கு மாறாக 0.45, கொக்கிலமேடு 0.125க்கு மாறாக 0.160. கூட்டினால் இரண்டு வருவதால் கணக்கு தன்னளவில் சரியே. ஆயினும் நாம் இட்ட எடைகளின் விகிதம் இதில் இல்லை. இது மொழியின் குறையன்று. எடைகள் அடுத்தடுத்துப் பயன்படுத்தப்படும் என அதன் கையேடு தெளிவாகவே கூறுகிறது. கையேட்டைப் படியாமல் ஆணையை மட்டும் படி எடுப்போரே தவறுகின்றனர்.

நம் கைக்கணக்கில் ஐயமுற்றால் அதனைச் சோதிக்கவும் இம்மொழியே வழிசெய்யும். இத்தேர்வைப் பத்தாயிரம் முறை திரும்பத் திரும்பச் செய்யுமாறு பணித்து, கோவளம் எத்தனை முறை வந்தது என எண்ணுக. 8,150ஐ ஒட்டிய ஓர் எண் வரும். பத்தாயிரம் முறை குடத்தைக் குலுக்கிப் பார்த்து, முறையே சரிதானா எனக் கண்டறியும் வசதி உத்திரமேரூர்ச் சபையார்க்கு இல்லை. நமக்குச் சில நொடிகளில் கிடைக்கிறது. கணிப்பொறி தரும் நன்மைகளுள் தேர்வு செய்து தருவதைவிட இதுவே மேலானது என்பது நம் துணிபு.

இன்னுமொரு பொறி உண்டு. ஒரு குடும்பில் தகுதியுடையவர் ஒருவரே. அவருடைய வரிசையெண் 17 எனக் கொள்வோம். குடத்தில் ஓர் ஓலைதான். அதையே எடுத்தாக வேண்டும். ஆனால் 'சாம்பிள்' ஆணைக்கு 17 என்னும் ஒற்றை எண்ணைக் கொடுத்தால், ஒன்று முதல் பதினேழு வரையுள்ள எண்களிலிருந்து தேர்க என அது பொருள் கொள்ளும். குடத்தில் இல்லாத பெயர் வெளிவரும். எண்ணுக்கு மாறாகப் பெயரை எழுத்தாக இட்டால் இவ்விடர் நேராது.

வித்தெண்

விரல்விரித்த உள்ளங்கைக்கு ஈடாகக் கணிப்பொறியில் என்ன உள்ளது என்பதே எஞ்சிய வினா. கணிப்பொறி உண்மையில் குலுக்குவதில்லை. ஒரு தொடக்க எண்ணிலிருந்து திட்டமான வாய்பாட்டின்படி அடுத்தடுத்த எண்களைக் கணிக்கிறது. பார்ப்போர்க்கு அவை எழுமாறாகத் தோன்றும். ஆர் மொழியில் இயல்பாக அமைந்த வாய்பாடு, 1998இல் ஜப்பானிய அறிஞர் மட்சுமோட்டோ, நிஷிமுரா ஆகியோர் வெளியிட்ட 'மெர்சென் ட்விஸ்டர்' என்பதாகும். தொடக்க எண்ணை 'சீட்', அதாவது வித்து, என்பர். 'செட் சீட்' என்னும் ஆணையால் அதனை நாமே குறிப்பிடலாம். ஒரே வித்தெண்ணை இட்டால் ஒரே விளைவே வரும்.

இது கேடாகவும் நன்மையாகவும் அமையக்கூடும். தனியறையில் அமர்ந்து வித்தெண்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்து, வேண்டியவர் பெயர் வந்தவுடன் நிறுத்திவிட்டு, 'கணிப்பொறி தேர்ந்தது' என ஒருவர் அறிவித்தல் கூடும். மறைத்து வைத்த ஓலை இதுதான். விரல்களின் இடுக்கிலிருந்து எந்திரத்தின் உள்ளே இடம் மாறியுள்ளது. மாறாக, பெயர்ப்பட்டியலையும் எடைகளையும் ஆணைகளையும் முன்னரே எழுதி ஒட்டிவிட்டு, கூடியிருப்போர் பலரிடம் ஆளுக்கோர் இலக்கம் கேட்டு அவ்விலக்கங்களை இணைத்து வித்தெண் அமைத்தால், அதனை முன்கூட்டி அறிந்தவர் எவரும் இலர். பின்னர் ஐயுறுவோர் தம் வீட்டுக் கணிப்பொறியில் அதே எண்ணை இட்டு, அதே பெயர்கள் வருகின்றனவா எனத் தாமே பார்க்கலாம். இதற்கு மொழியின் பதிப்பெண்ணையும் குறித்து வைத்தல் வேண்டும். 2019இல் வெளியான 3.6.0 பதிப்பிலிருந்து சமவாய்ப்புத் தேர்வின் உள்முறை மாற்றப்பட்டுள்ளது. அதற்கு முந்தைய பதிப்பில் அதே வித்தெண் வேறு பெயர்களைத் தரக்கூடும். எனவே குலுக்கல் நடத்தும் குழுவினர் தம் குறிப்பேட்டில் நாள், கூடியிருந்தோர் கையொப்பம் ஆகியவற்றோடு பட்டியல், எடை, எடை வந்த வழி, வித்தெண், பதிப்பெண் ஆகிய ஐந்தையும் எழுதி வைப்பாராக.